சிறப்புப் பள்ளி முடிகிறது, இனி என்ன? ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

மகனுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது, ஏப்ரலோடு சிறப்புப் பள்ளியும் முடிகிறது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதைத் தவிர வழி தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடைசி வரியில் “எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டிருந்தீர்கள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலரும் வேலையைப் பற்றிக் கேட்க வந்து, பேச்சை இந்தக் கேள்வியில்தான் முடிப்பார்கள். அவன் எங்கே வேலை செய்வான், எங்கே வாழ்வான் என்ற இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். அதுவும் நீங்கள் இருவரும் தெம்பாக இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது முக்கியமாக இதைத்தான்.

முதலில் வேலை. “இன்னும் ரெண்டு வருஷம் தொழிற்பயிற்சி கொடுத்து, தயாரானதும் அனுப்பலாமா?” என்கிறீர்கள். வேண்டாம். மெழுகுவர்த்தி, காகிதப் பை, சாக்பீஸ் என்று பயிற்சிக்கூடத்திலேயே முப்பது வயதைத் தாண்டியவர்களை எனக்குத் தெரியும். கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்வதுதான் இவர்களுக்குக் கடினம். பயிற்சிக்கூடத்தில் பை ஒட்டப் பழகியவனைக் கடையில் விட்டால், மேசை, ஆள், சத்தம் எல்லாம் மாறியதிலேயே தடுமாறுவான். அமெரிக்காவில் 1980களில் இதைக் கண்டுகொண்டு முறையைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் உண்மையான வேலையிடத்தில் சேர்ப்பது, அங்கேயே கற்றுக்கொடுப்பது, பக்கத்தில் ஒரு ஜாப் கோச், அதாவது வேலையிடத்திலேயே கற்றுத்தரும் பயிற்றுநர், நிற்பது, பழகப் பழக அவர் விலகுவது. இன்று நம் ஊரிலும் பல அமைப்புகள் இந்த வழியில்தான் வேலைக்கு அனுப்புகின்றன.

நான் பார்த்த ஒரு மளிகைக் கடையைச் சொல்கிறேன். சீரகத்தை 200 கிராம் பொட்டலமாகப் போடுவதுதான் வேலை. அங்கே சேர்ந்த இளைஞருக்கு எண்கள் சரியாகப் படிக்க வராது. ஜாப் கோச் முதல் நாள் ஓரமாக நின்று வேலையை முழுதும் பார்த்தார். மறுநாள் தராசின் திரைக்குப் பக்கத்தில் ‘0.200’ என்று பெரிதாக எழுதிய அட்டையை ஒட்டினார். படிக்க வேண்டாம், திரையில் தெரிவதும் அட்டையில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் போதும். கவரை ஒட்டும் மெஷினில் சிவப்பு விளக்கு அணையும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று பழக்கினார். பத்துப் பத்தாக எண்ணுவதற்குப் பதிலாக, பத்துக் குழி உள்ள ஒரு தட்டு. நிறுப்பது, ஒட்டுவது, அடுக்குவது மூன்றும் சீக்கிரமே கைவந்துவிட்டன. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கூட்ட நேரத்தில் மூன்று பேர் மூன்று வேலை சொன்னார்கள், அவர் அப்படியே உறைந்து நின்றார். ‘இவருக்கு ஒருவர்தான் வேலை சொல்ல வேண்டும்’ என்று கடைக்காரரோடு பேசி முடிவு செய்தபின் அதுவும் தீர்ந்தது. கோச் தினமும் வந்தது வாரம் இருமுறை ஆகி, பிறகு போனில் விசாரிப்பதோடு நின்றது.

அட்டை, தட்டு, வேலை சொல்ல ஒரே ஆள். கடைக்காரருக்கு இதனால் பெரிய செலவு எதுவும் இல்லை. ‘நியாயமான வசதி’ என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது இந்த மாதிரி மாற்றங்களைத்தான்.

அரசு வேலை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதே சட்டம் அரசுப் பணிகளில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சேர்த்து. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வையுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருந்து நாட்களை விட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடங்களை முதலில் பட்டியல் போடுங்கள்: மாவு மில், நர்சரி, சலவைக் கடை, பைண்டிங் பட்டறை, பேக்கரி, ஆஸ்பத்திரி கேன்டீன். மாமாவுக்குத் தெரிந்த கடை, அப்பாவின் நண்பர் நடத்தும் பட்டறை என்று தெரிந்தவர் மூலமாகக் கிடைத்தாலும் கூச்சப்பட வேண்டாம். மற்ற பிள்ளைகளுக்கும் பாதி வேலை அப்படித்தானே அமைகிறது?

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சம்பளம் அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் வர வேண்டும். ‘வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக வந்து போகட்டும்’ என்று சிலர் அன்போடுதான் சொல்வார்கள். பழகும் சில வாரங்களுக்கு அது சரி. அதன் பிறகு மற்றவர்களைப் போல் வேலை செய்கிறவனுக்கு மற்றவர்களைப் போல் கூலி.

ஜாப் கோச்சுக்கு எங்கே போவது? முதலில் உங்கள் சிறப்புப் பள்ளி ஆசிரியரிடமே கேளுங்கள், அவனை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அப்புறம் மதுரையில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறக்கப்பட்டுவரும் ‘விழுதுகள்’ சேவை மையம் உங்களுக்கு எட்டும் தூரத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை வரும்போது, கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே மத்திய அரசு நடத்தும் தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையத்தில் அவனுடைய திறனை மதிப்பிட்டு வாங்கலாம். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

அவனுடைய சான்றிதழில் 75 சதவீதம் என்று இருப்பதைப் பார்த்து, ‘அப்படியென்றால் 25 சதவீதம்தான் வேலை செய்வான்’ என்று உங்கள் உறவினர் சொன்னாராம். அது தவறு. அந்த எண் சலுகைகளுக்குத் தகுதியைக் கணக்கிட மருத்துவக் குழு தரும் அளவு. வேலைத்திறனை வேலையிடத்தில்தான் அளக்க முடியும்.

வேலைக்குப் போனால் பின்னால் குடும்ப ஓய்வூதியம் கிடைக்காது என்ற பயம் பெரிய பயம், உங்கள் கணவர் ரயில்வேயில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் இருவருக்கும் பிறகு, மாற்றுத்திறனாளி மகனுக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அவனுடைய மற்ற வருமானம், அவனுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மத்திய அரசு 2021-இல் வருமான வரம்பை இப்படித் தளர்த்தியது. கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதோடு அகவிலை நிவாரணம், இதுதான் கணக்கு. கணவர் 60,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் ஓய்வு பெற்றால் 18,000 ரூபாயும் அதன் மேல் அகவிலை நிவாரணமும் வரும். மளிகைக் கடையில் மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் வாங்கினால் ஓய்வூதியத்துக்கு ஆபத்தில்லை. கணவர் செய்ய வேண்டியது, தாம் இருக்கும்போதே ஓய்வூதிய ஆவணத்தில் மகன் பெயரைச் சேர்க்க விண்ணப்பிப்பது. அவர் போன பிறகு நீங்கள் தனியாக அலைவதைவிட, ‘இவன் என் மகன், இந்தக் குறைபாடு முன்பே உண்டு’ என்று அவர் கையெழுத்திலேயே இருப்பது எவ்வளவோ மேல். தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையை ஏற்கெனவே வாங்குகிறீர்கள் என்றால், வேலையில் சேருமுன் நல அலுவலகத்தில் அதைப் பற்றியும் பேசிவிடுங்கள்.

பதினெட்டு வயது தாண்டினால் பெற்றோர் என்பதாலேயே சட்டப்படி காப்பாளர் ஆகிவிடுவதில்லை, பலர் இதை வங்கியில் போய் நின்ற பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று பெறலாம். ஆனால் உண்மையிலேயே தேவைப்படும் காரியங்களுக்கு மட்டும் கேளுங்கள். அவன் எந்தச் சட்டை போடுவது, எந்த வேலைக்குப் போவது, யாரோடு பழகுவது என்பதற்கெல்லாம் காப்பாளர் முடிவு தேவையில்லை. அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது, அதையும் எடுத்துவிடுங்கள்.

இனி வீடு. இங்கேதான் உங்கள் மனம் கனக்கிறது என்று தெரியும். ‘விடுதியில் சேர்ப்பதா, மகள் தலையில் போடுவதா’ என்று இரண்டே வழி இருப்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். முன்பு சொன்ன 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குச் சமுதாயத்தில் வாழும் உரிமை உண்டு என்கிறது, ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நடைமுறையில் இது எப்படி இருக்கும்? சென்னையில் தி பான்யன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2015 முதல் நடத்தும் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், மனநோயால் பல ஆண்டுகள் காப்பகத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். துணைக்குப் பணியாளர் இருக்கிறார். கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள். அவர்களுடைய குறைபாடு வேறு, உங்கள் மகனுடையது வேறு. ஆனாலும் வாழும் முறை அவனுக்கும் பொருந்தும். உங்கள் பள்ளியில் இதே கவலையோடு இன்னும் மூன்று நான்கு பெற்றோர் இருப்பார்கள். சேர்ந்து ஒரு வீடு, சேர்ந்து ஒரு பணியாளர் என்று இப்போதே பேச ஆரம்பிக்கலாம்.

அது நடக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்கான பழக்கம் நாளைக்கே ஆரம்பிக்கலாம். காலையில் நீங்கள் எழுப்பாமல் அலாரத்துக்கு எழுந்திருப்பது. சாதாரண நகரப் பேருந்தில் அவனுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை, அதனால் செலவில்லாமல் அதே பஸ்ஸில் போய்ப் போய்ப் பழகுவது. முதலில் பக்கத்தில் உட்காருங்கள், பிறகு பின் இருக்கையில், பிறகு இறங்கும் நிறுத்தத்தில் காத்திருங்கள். பணத்தை எண்ணால் தெரியாவிட்டால் நிறத்தால் பழக்குங்கள், நூறு ஊதா, ஐம்பது நீலம். மாதம் ஓர் இரவு சித்தி வீட்டில் நீங்கள் இல்லாமல் தங்கட்டும். ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொல்லவும் கற்றுக்கொடுங்கள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் பிள்ளையை நல்ல பிள்ளை என்கிறோம், வெளியில் அவனைத்தான் எளிதாக ஏமாற்றுவார்கள், தீண்டுவார்கள்.

ஒருவேளை இல்லம் ஒன்றைப் பார்க்கப் போனால், சுவரின் பெயிண்டைப் பார்க்காதீர்கள். சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். அவனுக்கென்று பூட்டக்கூடிய அலமாரி உண்டா, பகலில் வேலைக்கு வெளியே போகலாமா, சொல்லாமல் கொள்ளாமல் நீங்கள் வந்து பார்க்க விடுவார்களா, இரவில் யார் விழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசி இரண்டுக்கும் மழுப்பினால் அங்கே விடாதீர்கள்.

மகள் விஷயத்திலும் ஒரு வார்த்தை. அவள் தம்பிமேல் உயிராக இருப்பது வேறு, அவனோடு ஒரே வீட்டில் கடைசிவரை இருப்பாள் என்று நீங்களாக முடிவு கட்டுவது வேறு. அவளைக் கேளுங்கள். ‘பணக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் தங்கும் இடம் வேறாக இருக்கட்டும்’ என்று அவள் சொன்னால் அதுவும் அன்புதான். வீட்டை எழுதிவைப்பதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள். அவன் பெயரில் நேராக எழுதுவதைவிட, அவனுக்காகத் தனியாக ஓர் அறக்கட்டளை வைப்பது உங்கள் நிலைக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

அடுத்த வாரம் வரும்போது மாற்றுத்திறனாளி சான்றிதழ், தனித்துவ அடையாள அட்டை (UDID), ஆதார், கணவரின் சம்பளச் சீட்டு நகல் கொண்டுவாருங்கள். ஒரு வாரம் அவன் தானாகச் செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், செருப்பை எடுத்து வைத்தது முதல். முக்கியமாக அவனையும் அழைத்து வாருங்கள். என்ன வேலை பிடிக்கும் என்று முதலில் அவனிடம்தான் கேட்க வேண்டும். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வான், நீங்கள் இடையில் அவனுக்காகச் சொல்லிவிடாதீர்கள்.