மூன்று நாள் ப்ளூ டிக்

கேள்வி: எனக்கு வயது 26. சொந்த ஊர் திருநெல்வேலி. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை, மாரத்தஹள்ளியில் பி.ஜி. வாசம். எட்டு மாதமாக ஒருவரைக் காதலிக்கிறேன். பழகிய இரண்டாவது வாரமே கல்யாணப் பேச்சை எடுத்தார். உருகி உருகிப் பேசினார். இப்போது நண்பர்கள் முன்னால் என் இங்கிலீஷைச் சொல்லிக்காட்டிச் சிரிக்கிறார். கேட்டால், "உனக்கு ஜோக்கே புரியாதா?" என்கிறார். அவர் பிறந்தநாளன்று சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டி 40 நிமிடம் லேட்டாகப் போனேன். மூன்று நாள் பேசவே இல்லை. நாலாம் நாள் கேசரி பாத்தோடு வந்தார். என் தப்புதான் என்று மன்னிப்புக் கேட்டேன். ரூம்மேட் அவரை 'நார்சிசிஸ்ட்' என்கிறாள். அப்படித்தானா? அவரை மாற்ற முடியுமா? வீட்டில் அக்காவுக்குக்கூட எதுவும் தெரியாது. (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

அன்பு மகளுக்கு,

நீ எழுதிய நாலு பக்கத்தில் 'என் தப்புதான்' என்பது ஏழு இடத்தில் வருகிறது. பேனாவால் சுழித்து எண்ணினேன்.

முதலில் அந்தப் பட்டத்தை முடித்துவிடுவோம். குளத்து நீரில் தன் முகத்தைப் பார்த்தே சொக்கிப்போன கிரேக்கக் கதை இளைஞன் நார்சிசஸின் பெயரில் வந்த சொல். தன்னைத் தவிர யாரையும் பெரிதாக நினைக்காத இந்த ஆளுமைக் கோளாறு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-ல் இடம்பிடித்தது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து நெடுநாளாக இருந்தால்தான் மருத்துவர் அப்படிச் சொல்வார், அதுவும் ஆளை நேரில் பார்த்து. உன் ரூம்மேட்டாலும் முடியாது, என்னாலும் முடியாது. இருக்கட்டும். செருப்பு கடிக்கிறது என்று சொல்ல அது என்ன தோல் என்று தெரிந்திருக்க வேண்டுமா?

என்னை உறுத்துவது அந்த மூன்று நாள்தான். சில்க் போர்டில் மாட்டாதவர் பெங்களூரில் யார்? பிறந்தநாளன்று காக்க வைத்தால் கோபம் வரும், ஒரு ராத்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால், "மொட்டைமாடியில் நின்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன், ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். நீ தவிப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே தவிக்கவிட்டார். அதற்குப் பெயர் தண்டனை. கேசரி பாத் வந்தது, கூடவே ஒரு 'சாரி' வந்ததா? மன்னிப்புக் கேட்டவள் நீதானே! (அந்தக் கேசரியை நானாக இருந்தாலும் சாப்பிட்டிருப்பேன். பட்டினி கிடந்தவளுக்கு எதுவும் இனிக்கும்.)

ஒன்று செய்து பார். சின்ன விஷயத்துக்கு 'முடியாது' என்று சொல். "இந்த ஞாயிற்றுக்கிழமை பி.ஜி. பெண்களோடு லால்பாக் போகிறேன்." கொஞ்சம் முறைத்துவிட்டு "சரி, போய் வா" என்றால் மனிதர். உன் தோழிகளைக் கரித்துக்கொட்டுவதும், அன்றைக்கென்று உடம்புக்கு முடியாமல் போவதும், மறுபடி மௌனமும் என்றால் யோசி. "நீங்கள் சிரித்தது வலித்தது" என்றும் சொல்லிப் பார். "நான் அப்படிச் சொல்லவே இல்லை, உனக்குத்தான் மண்டை குழம்பியிருக்கிறது" என்று பேச்சு திரும்பி, பத்து நிமிடத்தில் நீ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாயா? அவர் சொன்ன வார்த்தையைத் தேதி போட்டு நோட்டில் எழுது. அவருக்குப் பாஸ்வேர்ட் தெரிந்த ஃபோனில் வேண்டாம்.

கை ஓங்கியிருந்தாலோ, போட்டோவைக் காட்டி மிரட்டியிருந்தாலோ இந்தச் சோதனையெல்லாம் கூடாது. பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112.

மாற்ற முடியுமா என்றால், தனக்குக் குறை இருக்கிறது என்று அவரே உணர்ந்து மாதக்கணக்கில் ஆலோசகரிடம் போனால் மாற்றம் வரலாம். நீ பொறுத்துப் போவதால் வராது. உன் மனசு ஆற யாரிடமாவது பேசவேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அம்மாவுக்குத் தெரிந்தால் வேலையை விட்டு ஊருக்கு வரச் சொல்வார்கள் என்ற உன் பயம் நியாயமானது. ஆனால் வீட்டுக்குத் தெரியாத காதலில், அவர் செய்வது சரியா தப்பா என்பதையும் அவரிடமே கேட்கிறாய். அக்காவுக்கு மட்டும் சொல். இன்று ராத்திரியே ஃபோன் போடு. நடுவில் அவர் கால் வந்தால் வெயிட்டிங்கில் கிடக்கட்டும். அப்புறம் அவர் கேட்கும் முதல் கேள்வி என்ன என்பதையும் அந்த நோட்டில் எழுதி வை.