புது போனுக்கு மாறும்போது பழைய எஸ்எம்எஸ்களைக் கொண்டுவருவது எப்படி?

நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வரவான மெசேஜ்கள் பழைய போனில் இருக்கின்றன, சிம்மை மாற்றிப் போட்டும் வரவில்லை என்று மன்னார்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வராதுதான். ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் சேர்வது சிம்மில் அல்ல, போனின் உள்நினைவகத்தில்.

முதலில், பழைய போனை ரீசெட் செய்துவிடாதீர்கள். அதில் 'எஸ்எம்எஸ் பேக்கப் அண்டு ரீஸ்டோர்' செயலியை ஏற்றி, மெசேஜை மட்டும் டிக் செய்து பேக்கப் எடுங்கள். கிடைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பை ப்ளூடூத்தில் புது போனுக்கு அனுப்பி, அங்கேயும் அதே செயலியில் ரீஸ்டோர் கொடுங்கள். அப்போது தன்னையே மெசேஜ் செயலியாக வைக்கச் சொல்லிக் கேட்கும், சம்மதியுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அப்புறம் ஓடிபி காணோம் என்று தேடுவார்கள்.

கூகுள் பேக்கப் ஏற்கெனவே ஓடியிருந்தால், புது போனை முதன்முதலில் அமைக்கும்போதே ரீஸ்டோர் கேளுங்கள். பழைய போனின் பூட்டு எண் தேவைப்படும். அந்த போன் 57 நாள் பயன்படாமல் கிடந்தால் பேக்கப்பே அழிந்துபோகலாம்.

பழைய போனின் திரையில் படம் தெரிகிறது, தொட்டால் அசையவில்லையா? ஓடிஜி கேபிளில், அதாவது யூஎஸ்பி சாதனங்களைப் போனோடு இணைக்கும் கேபிளில், கம்ப்யூட்டர் மவுஸைச் செருகிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் திரையில் அம்புக்குறி வரும், அதை வைத்தே மேலே சொன்னதை முடித்துவிடலாம்.

அழித்த மெசேஜை மீட்பதாகச் சொல்லும் செயலிகளுக்குக் காசு கட்டாதீர்கள். ரூட் செய்யாத, அதாவது முழுக் கட்டுப்பாட்டைத் திறந்துவிடாத போனில், அழித்த மெசேஜ் இருந்த இடத்தை அவற்றால் தொடவே முடியாது. வரவுக் கணக்குக்குத்தான் என்றால், வங்கியில் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்குவது சுலபம்.