மாமா சொல்ற சீட்டும் வேண்டாம், பொண்ணு காமிக்கை நிறுத்தவும் வேண்டாம்

அல்சூர்ல இருந்து ஒரு அக்கா நீளமா வாய்ஸ் நோட் போட்டிருந்தாங்க. பொண்ணு செகண்ட் பியூசி, அதாவது பன்னெண்டாவது, சயின்ஸ் குரூப். ஒன்றரை வருஷமா வெப்டூன்ங்கிற ஆன்லைன் காமிக் தளத்துல வாரா வாரம் ஒரு காமிக் போட்டுட்டு வர்றா. ஒரு பாட்டி, அந்தப் பாட்டி வீட்டு மாடில வாடகை குடுக்காம குடியிருக்குற ஒரு பேய், இவங்க ரெண்டு பேரோட கதை. படிச்சுப் பாத்தேன். பேய்கிட்ட பாட்டி பத்து மாச அட்வான்ஸ் கேக்குற எபிசோடுக்கு சத்தமாவே சிரிச்சுட்டேன், பெங்களூர்ல வீடு தேடினவங்களுக்குத்தான் அந்த வலி புரியும்.

அக்காவுக்கு ரெண்டு பயம். ஒண்ணு, இவ எதையும் முழுசா செய்ய மாட்டேங்குறா, காமிக் ஓடிட்டு இருக்கும்போதே ஸ்டிக்கர் விக்கிறா, நாய் பூனை படம் வரைஞ்சு குடுக்க ஆர்டர் எடுக்குறா, ஃப்ரெண்டோட சேர்ந்து ஏதோ கேம் பண்றேங்குறா, இப்ப ரெண்டாவதா இன்னொரு காமிக் வேற ஆரம்பிச்சிருக்கா, நடுவுல மெயின் காமிக் மூணு வாரமா வரவே இல்ல. இன்னொண்ணு, சேலத்துல இருக்குற அவங்க அண்ணன். மேனேஜ்மென்ட் கோட்டால கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு பாத்துட்டாராம், பதினஞ்சு லட்சம் லோன் போட்டுடலாம், படம் வரையறதெல்லாம் சனி ஞாயிறு வச்சுக்கட்டும்னு ஃபோன் மேல ஃபோன்.

அக்கா, பொண்ணு கெட்டுப்போகல, பதறாதீங்க. ஆறுதல் இதோட முடிஞ்சுது, இனிமே சொல்றது கொஞ்சம் உறைக்கும்.

முதல்ல அந்த பதினஞ்சு லட்சம். பத்தரை பர்சென்ட் வட்டில பத்து வருஷத்துக்குப் போட்டா மாசம் 20,000 ரூபாய்க்கு மேல கட்டணும். படிக்குற நாலு வருஷமும் ஏறுற வட்டி தனி, அது அசல்லயே போய் சேந்துக்கும். 7.5 லட்சத்தைத் தாண்டினாலே பெரும்பாலான பேங்க்ல சொத்து பத்திரம் கேப்பாங்க, அப்ப அடமானம் போகப்போறது உங்க வீடு, சேலத்து வீடு இல்ல. சரி, பொண்ணுக்கு கோடிங் பிடிக்குமான்னு கேட்டா "பிடிக்கும்னு இல்ல, ஆனா மார்க் வருது"ன்னு நீங்களே சொல்றீங்க. பிடிக்காத படிப்புக்கு வீட்டை வச்சு லோன் போடக்கூடாது. இதுல நான் விட்டுக்குடுக்கறதா இல்ல, மாமா நேர்ல வந்து உக்காந்தாலும் இதேதான் சொல்லுவேன்.

சனி ஞாயிறு வரைஞ்சுக்கட்டும்ங்கிறது கேக்க நல்லா இருக்கு. கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு எபிசோடுக்கு முப்பது பேனல், அதாவது முப்பது கட்டம்னு வச்சுக்குவோம், ஸ்கிரிப்ட், பென்சில், இங்க், கலர், லெட்டரிங் எல்லாம் சேத்து பேனலுக்கு நாப்பது நிமிஷம்னாலே இருபது மணி நேரம். வாரம் பூரா இன்டர்னல்ஸ், ரெக்கார்ட் நோட்டு, ஒயிட்ஃபீல்டு பக்கம் காலேஜுன்னா போக வர மூணு மணி நேரம் பஸ்ஸு, இதெல்லாம் போக சனி ஞாயிறுல இருபது மணி நேரம் எங்கிருந்து வரும்? ரெண்டு மாசம் இழுத்துட்டு நின்னுடும். அப்புறம் "பாத்தியா, ஆர்வமே இல்ல"ன்னு அதே மாமா சொல்லுவாரு.

இன்னொண்ணும் சொல்லுவாரு பாருங்க. கிரீன் ஹ்யூமர்னு காட்டுயிர் கார்ட்டூன் போடுற ரோஹன் சக்ரவர்த்தி பல் டாக்டர் படிச்சவருதானே, அவரு மாதிரி முதல்ல ஒரு டிகிரி வாங்கட்டும்னு. ஆமா, படிச்சாரு. படிச்சுட்டு அந்த நாற்காலியை விட்டுட்டு வந்துதான் முழு நேர கார்ட்டூனிஸ்ட் ஆனாரு. விடப்போற படிப்புக்கு லோன் எதுக்குன்னுதான் நானும் கேக்குறேன்.

இப்ப பொண்ணு பக்கம் வர்றேன், அவளையும் படிக்கச் சொல்லுங்க.

சைடு ப்ராஜெக்ட் வச்சுக்கறது தப்பே இல்ல மா. எக்ஸ்கேசிடின்னு இங்கிலீஷ்ல ஒரு வெப் காமிக் போடுற ராண்டல் மன்றோ 2005ல ஆரம்பிச்சு வாரத்துல மூணு நாள் காமிக் போட்டுட்டே, 2012ல கிறுக்குத்தனமான கேள்விகளுக்கு சயின்ஸ் பதில் எழுதுற ஒரு பக்கத்தை தனியா தொடங்கினாரு, அது 2014ல புத்தகமாவும் வந்துச்சு. ஆனா ஒண்ணு கவனி, காமிக்ல இருந்த அதே மூளை, அதே குச்சி மனுஷங்கதான் அங்கயும். நீ வச்சிருக்குறதுல ஸ்டிக்கர் மட்டும்தான் பாட்டியோட சம்பந்தப்பட்டது, காமிக் கான் ஸ்டால்ல பாட்டி ஸ்டிக்கரை வாங்குறவன் வீட்டுக்குப் போய் காமிக்கைத் தேடுவான், அது இருக்கட்டும். நாய் பூனை ஆர்டர்ல காசு வருது, சரி, ஆனா "மூக்கு கொஞ்சம் சின்னதா"ன்னு ஏழு தடவை திருத்தச் சொல்றவங்களுக்கு 500 ரூபாய்க்கு வேலை செஞ்சா அதுக்குப் பேரு வேற. கேமுக்கும் ரெண்டாவது காமிக்குக்கும் முடிவு தேதியே இல்ல, அதான் உன் மூணு வாரத்தை முழுங்கிடுச்சு. ரெண்டாவது காமிக்கை ஒரு நோட்டுல எழுதி வை, பாட்டி கதையோட இந்த சீசன் முடியுற வரைக்கும் தொடாதே.

கையிருப்பு இல்லாம வாராந்திர காமிக் ஓட்டவே முடியாது. நாலு எபிசோடு முடிச்சு ஷெட்யூல்ல வச்சிருந்தா சைடு வேலை எடு, ரெண்டா குறைஞ்சா புதுசா எதுக்கும் சரின்னு சொல்லாதே. பரீட்சை நேரத்துல முன்கூட்டியே சொல்லிட்டு லீவு விடு, படிக்குறவங்க கோச்சுக்க மாட்டாங்க, சொல்லாம காணாமப்போனாத்தான் மறந்துடுவாங்க.

சரி, சைடுல எதைத்தான் எடுக்கறது? அனிமேஷன் டிப்ளமோ, என்ஐடி, நிஃப்ட் மாதிரி டிசைன் காலேஜ், யூசீட்ங்கிற டிசைன் நுழைவுத் தேர்வு இதெல்லாம் கூகுள் பண்ணா ஆயிரம் வீடியோ வரும், அதுக்கு நான் வேண்டாம். (பெங்களூர்லயே என்ஐடி இருக்கேன்னு கேக்குறவங்களுக்காக மட்டும், இங்க இருக்குற கேம்பஸ்ல டிகிரி முடிச்சவங்களுக்கான எம்.டெஸ் மட்டும்தான்.) யாரும் சொல்லாத ஒண்ணை சொல்றேன், ஸ்டோரிபோர்டு, அதாவது எடுக்கப்போற படத்தை முன்கூட்டியே கட்டம் கட்டமா வரைஞ்சு காட்டறது.

விளம்பரப் படம் எடுக்குறவங்க ஏஜென்சி ஸ்கிரிப்டை கையில வச்சுக்கிட்டு நேரா கேமராவைத் தூக்கிட்டுப் போறதில்ல. டைரக்டர் ஷாட் ஷாட்டா பிரிச்சு சொல்ல சொல்ல ஒரு ஆர்ட்டிஸ்ட் பக்கத்துல உக்காந்து சின்னச் சின்னதா கிறுக்கிட்டே வருவாங்க, அதுக்குப் பேரு தம்ப்நெய்ல். சாயங்காலம் அதை எடுத்துட்டுப் போய் ராத்திரியோட ராத்திரியா சுத்தமா வரைஞ்சா, மறுநாள் கிளையன்ட் மீட்டிங்ல அதைக் காட்டித்தான் படமே பேசுவாங்க. முப்பது செகண்ட் விளம்பரத்துக்கு சுமாரா இருபது ஃப்ரேம், அதாவது இருபது கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழயும் ஷாட் நம்பர், கேமரா எந்தப் பக்கம் நகருதுன்னு அம்புக்குறி, ஆளு நடக்குறதுக்கு வேற அம்புக்குறி. ஷூட்டிங் அன்னிக்கு அசிஸ்டென்ட் டைரக்டர் அந்த ஷீட்டை செவுத்துல ஒட்டி வச்சு, ஒவ்வொரு ஷாட்டும் முடிய முடிய மார்க்கர்ல குறுக்கால கோடு போட்டுட்டே வருவாரு. நீ வரைஞ்ச கட்டம் தீர்ந்தாதான் அங்க அன்னிக்கு ஷூட்டிங் முடியும்.

விளம்பரம் மட்டும்னு நினைக்காதே. ஆன்லைன் பாட வீடியோ, கம்பெனி ஃபிலிம், கேம்ல வர்ற கதைக் காட்சி, காந்திநகர் கன்னட சினிமா ஆளுங்க எடுக்குற சண்டையும் கிராஃபிக்ஸும் கலந்த சீன், எல்லாத்துக்கும் போர்டு வேணும். மும்பைல இன்னும் அதிகம், ஆனா அதுக்காக ரயில் ஏற வேண்டாம், ஃபைலைத்தான் அனுப்பப்போறே.

காமிக் போடுறவளுக்கு இது ஏன் பொருந்தும்? ரெண்டுமே எதை எங்கிருந்து காட்டறதுங்கிற வேலைதான். ஆனா உன் எபிசோடுல ஒரு பலவீனம் இருக்கு, சொல்லிடறேன். வெப்டூன் மேல இருந்து கீழ ஓடுறது, அகலம் 800 பிக்சல், உயரம் உன் இஷ்டம், பேய் படிக்கட்டுல இறங்கணும்னா பேனலை நீட்டிக்கிட்டே போயிடறே. போர்டுல அந்தச் சலுகை கிடையாது, எல்லா கட்டமும் டிவி மாதிரி 16:9, அதுக்குள்ளயே படிக்கட்டும் பேயும் பயமும் வரணும். அப்புறம் இடம் வலம். நாலாவது ஃப்ரேம்ல பாட்டி இடப்பக்கத்துல இருந்து வலப்பக்கம் போறா, அஞ்சாவதுல வலத்துல இருந்து இடத்துக்கு வர்றான்னா, பாக்குறவன் பாட்டி வீட்டுக்குத் திரும்பிட்டான்னு நினைச்சுப்பான். உன்னோட பன்னெண்டாவது எபிசோடுல மார்க்கெட் சீன் எனக்குக் குழம்பினது இதனாலதான். பத்து போர்டு வரைஞ்சா காமிக்ல அந்தக் குழப்பம் தானா போயிடும்.

முக்கியமா, இந்த வேலை முடியும். மூணு நாள் உயிரை வாங்கும், நாலாவது நாள் அது உன் வேலை இல்ல. பாட்டிகிட்ட திரும்பி வந்துடலாம்.

ஆரம்பிக்க காசு வேண்டாம். ஸ்டோரிபோர்டர்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, படம் வரையற கிரீட்டா சாஃப்ட்வேரும் ஃப்ரீதான், அதுல 5.0 வெர்ஷன்ல இருந்து ஸ்டோரிபோர்டுக்கே தனி ஜன்னல் இருக்கு. மூணு சீன் போடு, ரெண்டு பேர் உக்காந்து பேசுறது ஒண்ணு, துரத்துறது ஒண்ணு, வசனமே இல்லாத காமெடி ஒண்ணு. உன் காமிக்ல இருந்தே எடுத்துக்கோ. பேசுற சீனை ஒழுங்கா போடு, சண்டையை எல்லாரும் போட்டுடுவாங்க, ரெண்டு பேர் டீ குடிக்குறதை எட்டு ஃப்ரேம்ல போரடிக்காம காட்டறவங்களைத்தான் டைரக்டர் திரும்பக் கூப்பிடுவாரு. கம்பெனிக்கு வரைஞ்சதை விளம்பரம் வெளில வர்ற வரைக்கும் எங்கயும் போடக்கூடாதுன்னு எழுதி வாங்கிப்பாங்க, அதனால சொந்த சீன் எப்பவும் கையில இருக்கணும்.

ஏஐ வந்துடுச்சேன்னு அக்கா கேட்டாங்க. வந்துடுச்சு. கிளையன்டை மயக்க பளபளன்னு நாலு படம் காட்டற வேலை அதுகிட்ட போயிட்டு இருக்கு, அந்தப் பக்கம் போகாதே. நாளைக்கு காலைல எந்த மூலைல கேமராவை வைக்கறதுன்னு டைரக்டரோட உக்காந்து முடிவு பண்ற வேலைதான் நான் சொல்றது. அதுவும் எத்தனை வருஷத்துக்குன்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது, ஆனா 2025 பிப்ரவரில டெக்னிகலர்ங்கிற பெரிய கிராஃபிக்ஸ் கம்பெனி மூடினப்போ பெங்களூர்ல ஒரே வாரத்துல எத்தனை அனிமேஷன், விஎஃப்எக்ஸ் ஆளுங்க ரோட்டுக்கு வந்தாங்கன்னு பாத்தோம், பெரிய கம்பெனி வேலைக்கும் யாரும் எழுதிக் குடுக்கல.

காசு விஷயத்துல கூச்சப்படாதே. பாதி அட்வான்ஸ் வந்தப்புறம்தான் பென்சில். ரெண்டு ரவுண்டு திருத்தம் இலவசம், மூணாவதுக்கு இவ்வளவுன்னு மெயில்லயே போட்டுடு. பாக்கி ரெண்டு மூணு மாசம் இழுக்கும், அது இந்தத் தொழிலோட வழக்கம். பதினெட்டு ஆகுற வரைக்கும் பேச்சுவார்த்தைல அம்மா கூட இருக்கட்டும். வாட்ஸாப்ல ராத்திரி பதினோரு மணிக்கு வர்ற "அர்ஜென்ட், ஃப்ரீயா ஒரு சாம்பிள்"க்கு பதிலே போட வேண்டாம்.

டிகிரி வேணும் அக்கா, அதை நான் விடச் சொல்லல. ஃபீஸ் கம்மியா, வீட்டுக்குப் பக்கத்துல, மத்தியானமே வீடு திரும்புற மாதிரி எதுன்னாலும் சரி, பி.ஏ., பி.காம்., அவ மார்க்குக்கு கவர்மென்ட் காலேஜ் கிடைச்சா இன்னும் நல்லது. ஓவியமே படிக்கணும்னா மைசூர்ல சாமராஜேந்திரா அகாடமி அரசாங்கத்தோடது, இங்க குமாரகிருபா ரோட்ல சித்ரகலா பரிஷத் இருக்கு, ரெண்டு இடத்துக்கும் நேர்ல போய் ஃபீஸ் கேட்டு எழுதிட்டு வாங்க, புரோக்கர்கிட்ட கேக்காதீங்க. போற வழில எம்.ஜி. ரோடு பக்கம் இந்தியன் கார்ட்டூன் கேலரிக்குள்ள பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க, ஒரிஜினலை கிட்டத்துல பாக்கட்டும்.

ஐபேட் ப்ரோ கேக்குறாளாமே, ஈஎம்ஐல. குடுக்காதீங்க. ஸ்க்ரீன் இல்லாத சின்ன பென் டேப்லெட் அஞ்சாயிரம் ஆறாயிரத்துக்குள்ள முடிஞ்சுடும், வீட்டுல இருக்குற பழைய கம்ப்யூட்டர் போதும், ரேம் பத்தலைன்னா எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைங்கள்ல போட்டுக்கலாம். வாங்கினதும் ஒரு மாசம் கை கோணும், அப்புறம் பழகிடும்.

அண்ணன் அடுத்த வாட்டி ஃபோன் பண்ணா பதில் சொல்லத் திணறாதீங்க. லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போடுறேன்னாராமே, அவ்வளவு பாசம் இருந்தா அந்த டேப்லெட்டை வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க. பில்லை எனக்கும் அனுப்புங்க, வாரன்டி கார்டுல கடை சீல் இருக்கான்னு பாத்து சொல்றேன்.