த்ரீ நாட் த்ரீ என்றால் போதுமா? பழைய லீ-என்ஃபீல்ட் பற்றிய கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே லீ-என்ஃபீல்ட் குடும்பத்து ரைபிள்களைப் பற்றியவை. நம்மவர்கள் போலீஸ்காரர் தோளில் பார்த்துப் பழகிய அதே த்ரீ நாட் த்ரீ வகைதான். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் பல மாடல்கள் இருக்கின்றன, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, இந்தியா என்று ஐந்து நாட்டுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பதிலுக்குப் போகும் முன் ஒன்று: போல்ட்டைத் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புத் தாழ்) திறந்து, மேகசினைக் கழற்றி, சேம்பருக்குள் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) விரலை விட்டுத் தோட்டா இல்லை என்று தடவிப் பார்த்த பிறகுதான் எழுத்துகளைத் தேட வேண்டும். எத்தனை வருடமாகப் பெட்டியில் கிடந்தாலும் சரி.

தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். அவர் விட்டுப்போன ரைபிள் பார்வைக்கு அச்சு அசல் 303 மாதிரியே இருக்கிறது, ஆனால் லைசென்ஸில் .315 என்று இருக்கிறது. எது சரி? (குன்னூர்)

லைசென்ஸில் இருப்பதுதான் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளம் பயன்படுத்தும் தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்று தடை இருந்தது. அதனால் வேட்டைக்கு வைத்துக்கொள்பவர்களுக்காக அதே லீ-என்ஃபீல்ட் உடம்பில் வேறு தோட்டாவுக்குக் குழல் போட்டு விற்றார்கள். அப்படி வந்ததுதான் .315. அந்தத் தோட்டாவின் பூர்வீகம் ஆஸ்திரியா, 8×50 மன்லிக்கர் என்பது அதன் ஊர்ப்பெயர். பர்மிங்ஹாமில் இருந்த பி.எஸ்.ஏ. கம்பெனி செய்து அனுப்பியது, பிறகு மேற்கு வங்கத்து இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியும் செய்தது. இந்தியாவில் .303 இன்றும் 'பி.பி.' (ப்ரொஹிபிட்டட் போர்) என்று சொல்லப்படும் தடை செய்யப்பட்ட ரகம், .315 அந்தப் பட்டியலில் இல்லை. தாத்தாவுக்கு .315 கிடைத்ததற்குக் காரணம் இதுதான்.

எப்படி உறுதி செய்வது? பட்டாள ரைபிளில் முன்கட்டை குழலின் நுனி வரை வந்து ஒரு கனமான இரும்பு மூக்கோடு முடியும், மேகசின் பத்துத் தோட்டா கொள்ளும். இஷாப்பூர் .315-இல் முன்கட்டை பாதியிலேயே நின்றுவிடும், மேகசின் ஐந்து தோட்டாவுக்கானது, குட்டையாக இருக்கும். ஆனால் பட்டாள ரைபிளின் கட்டையை வெட்டி வேட்டை ரைபிள் மாதிரி ஆக்கியவர்களும் உண்டு. அதனால் கட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள், குழலில் அடித்திருக்கும் காலிபரை, அதாவது தோட்டா அளவைப் படியுங்கள். துருவும் பழைய எண்ணெயும் ஏறி எழுத்து தெரியவில்லையா? உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துக் காய விட்டு, வெள்ளைச் சாக்பீஸை அந்த இடத்தில் தேய்த்து, விரலால் லேசாக வழித்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும், எழுத்து பளிச்சென்று எழுந்து வரும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் நல்லது.

303 தோட்டாவின் கூடு 56 மில்லிமீட்டர் நீளம், இதனுடையது 50. குண்டின் குறுக்களவும் வேறு. மாற்றிப் போட்டுப் பார்ப்பது என்ற பேச்சே வேண்டாம். அப்புறம், தாத்தா காலமாகிவிட்டார் என்றால் அவர் பெயரில் உள்ள லைசென்ஸில் நீங்கள் அதை வீட்டில் வைத்திருக்க முடியாது. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு மனுப் போடுங்கள். மாடலைக் கண்டுபிடிப்பதைவிட இது அவசரம்.

பழைய துப்பாக்கி விற்கும் கடையில் ஒரு நம்பர் 4 பார்த்தேன். கடைக்காரர் 'மார்க் 1 ஸ்டார், கனடாவிலேயே செய்தது' என்கிறார். பின் சைட்டில் 'மார்க் 2' என்று அடித்திருக்கிறதே, ஏமாற்றுகிறாரா? (மிசிசாகா, கனடா)

இல்லை. நம்பர் 4 என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்து லீ-என்ஃபீல்ட் மாடல், மார்க் என்பது அதன் பதிப்பு எண், ஸ்டார் என்பது அந்தப் பதிப்பில் செய்த ஒரு சிறு மாற்றம். சைட்டில் (குறிபார்க்கும் பாகம்) இருப்பது சைட்டின் மார்க், ரைபிளின் மார்க் அல்ல. லீ-என்ஃபீல்டில் சில்லறை உதிரிக்குக்கூடத் தனி மார்க் எண் உண்டு, பலர் குழம்புவது இங்கேதான். உங்கள் சைட் 300, 600 கஜம் என்று இரண்டு துளையோடு மடங்குகிறதா? அது போர்க்காலத்தில் அவசரத்துக்குச் செய்த எளிய வகை. இதே ரைபிளில் 1300 கஜம் வரை திருகி ஏற்றும் சைட்டும் வரும்.

ரைபிளின் பெயர் ரிசீவரின் (போல்ட் ஓடும் இரும்பு உடம்பு) இடது பக்கத்துத் தட்டையான சுவரில் இருக்கும். 'லாங் பிராஞ்ச்' என்ற பெயரும் வருடமும் இருந்தால் அது கனடாவில் செய்தது. வரிசை எண்ணின் நடுவே எல் என்ற எழுத்து வரும். அதே இடத்தில் சி இருந்தால் அது அமெரிக்காவில் சிக்கபீ ஃபால்ஸ் ஊரில் சாவேஜ் கம்பெனி செய்தது, அதில் அமெரிக்க அரசின் சொத்து என்ற முத்திரையும் இருக்கும். சொல்லப்போனால் லாங் பிராஞ்ச் தொழிற்சாலை இருந்தது உங்கள் ஊரின் ஏரிக்கரையில்தான். அதன் பரிசோதனைக் கட்டடம் இன்றும் நிற்கிறது, கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

ஸ்டார் உண்டா இல்லையா என்பதை எழுத்து அழிந்திருந்தாலும் கையால் கண்டுபிடிக்கலாம். மார்க் 1-இல் போல்ட்டைக் கழற்ற, வலது பக்கத் தண்டவாளத்தின் (போல்ட் ஓடும் தடம்) பின்புறம் ஒரு சின்னப் பிடியைக் கீழே அழுத்த வேண்டும். ஸ்டாரில் அந்தப் பிடியே கிடையாது, தண்டவாளத்தின் முன்பக்கம் ஒரு வெட்டு இருக்கும், போல்ட்டின் தலை அந்த இடத்துக்கு வந்ததும் மேலே திருப்பிவிடலாம். செய்வதற்குச் சுலபம் என்று இப்படி மாற்றினார்கள், ஆனால் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. அந்த வெட்டின் ஓரம் சில்லு பெயர்ந்திருந்தால், சுடும் நடுவில் போல்ட்டின் தலை தானாகத் தடத்தைவிட்டு எகிறிவிடும். வாங்கும் முன் நகத்தால் அந்த ஓரத்தைத் தடவுங்கள், சொரசொரப்பாகத் தட்டினால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

இன்னொன்று, குழலுக்குள் பார்க்கும்போது இரண்டே இரண்டு வரிப்பள்ளம் தெரிந்தால் தேய்ந்துபோனது என்று நினைக்காதீர்கள். போர்க்காலத்தில் வேகத்துக்காக அப்படியே செய்தார்கள். போல்ட் கைப்பிடியின் பின்புறம் உள்ள எண்ணும் ரிசீவரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். வேறாக இருந்தால் ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டாவின் பின்பக்கத்துக்குப் போல்ட் விடும் இடைவெளியை அளந்து பார்க்காமல் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம். போல்ட் தலைகளே 0 முதல் 3 வரை நான்கு அளவில் வரும், யாரோ எதையோ மாற்றிப் பொருத்தியிருக்கலாம்.

இஷாப்பூர் 7.62 ஒன்று வைத்திருக்கிறேன். 2ஏ-வா 2ஏ1-ஆ? இது பழைய 303-ஐ மாற்றியதுதானே? (டெக்சாஸ்)

பின் சைட்டைப் பாருங்கள். 2000 வரை எண் போட்டிருந்தால் 2ஏ, 800-இல் நின்றால் 2ஏ1. வித்தியாசம் அவ்வளவுதான். சைட் மாற்றப்பட்டிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை இரும்போடு சேரும் வளையத்தில் பெயரும் வருடமும் அடித்திருக்கும்.

மாற்றியது என்பது தவறு. 1962 சீனப் போரை ஒட்டி, நேட்டோவின் 7.62 தோட்டாவுக்கென்றே இன்னும் உறுதியான எஃகில் புதிதாகச் செய்தது. உருவம் பழையது, உலோகம் புதியது. மேகசின் சதுரப் பெட்டி மாதிரி இருப்பதைப் பார்த்தாலே 303 இல்லை என்று தெரிந்துவிடும்.

வளையத்தில் 'லித்கோ 1942', குழலில் 1945, கட்டையில் ஸ்லேஸ் என்று ஏதோ முத்திரை. மூன்று ரைபிளைச் சேர்த்து ஒட்டியதா? (சிட்னி)

அவசரப்பட்டு அப்படிச் சொல்லாதீர்கள். லித்கோ என்பது ஆஸ்திரேலியத் துப்பாக்கித் தொழிற்சாலை. வளையத்து வருடம்தான் ரைபிளின் பிறந்த வருடம். குழல் தேயும், தேய்ந்தால் பட்டாளத்துப் பட்டறையிலேயே மாற்றுவார்கள், புதுக் குழலில் புது வருடம் இருக்கும். அது குறையே அல்ல. சேர்த்து ஒட்டியதா என்பதை வருடம் சொல்லாது, வரிசை எண்தான் சொல்லும். ரிசீவர், போல்ட், குழல், இரும்பு மூக்கு, முன்கட்டையின் அடிப்பக்கம் இவற்றில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த ஸ்லேஸ் முத்திரை எனக்கு மிகவும் பிடித்தது. டென்னிஸ் மட்டை செய்யும் ஸ்லேசெஞ்சர் கம்பெனிதான் அது. போர் வந்ததும் ஆஸ்திரேலியாவில் மரவேலை தெரிந்த அந்தக் கைகளை லித்கோ ரைபிளுக்குக் கட்டை செய்ய வைத்தார்கள். எனவே உங்கள் கட்டை ஆஸ்திரேலியக் கட்டைதான், இடம் மாறி வரவில்லை. பெயரில் மட்டும் ஒரு திருத்தம்: 1926-க்கு முன் எஸ்.எம்.எல்.இ. (ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்ட்) மார்க் 3 என்று அழைத்ததை அதன்பின் நம்பர் 1 மார்க் 3 என்று மாற்றினார்கள். விற்கும்போது இரண்டையும் இருவேறு மாடல் என்று யாராவது விலை பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஜங்கிள் கார்பைன் என்று நல்ல விலை சொல்கிறார்கள். போலி நிறைய என்று கேள்விப்பட்டேன். (லீட்ஸ்)

நிறைய உண்டு. நம்பர் 4-இன் குழலை வெட்டி, நுனியில் புனல் மாதிரி ஒரு தீமறைப்பானை மாட்டி, அடியில் ரப்பர் வைத்துவிட்டால் தூரத்திலிருந்து அசல் ஜங்கிள் கார்பைனான நம்பர் 5 போலவே தெரியும். நான் ஒருமுறை கடை வெளிச்சத்தில் பார்த்து அசல் என்றே நம்பிவிட்டேன், முன்கட்டையைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. அசல் நம்பர் 5-இல் எடை குறைக்க வேண்டும் என்று இரும்பை இடம் இடமாகச் சுரண்டி எடுத்திருப்பார்கள். சேம்பரை ஒட்டிக் குழல் தடிமனாக இருக்கும் பகுதியில், கட்டைக்கு அடியில், கரண்டியால் வழித்த மாதிரி பள்ளங்கள் இருக்கும். கட்டையைக் கழற்றினால்தான் தெரியும் என்பதால் போலி செய்பவர் அந்த வேலையைச் செய்வதில்லை. நான் பார்த்ததில் அந்த இடம் முழு உருளையாக, வழவழவென்று இருந்தது.

கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், பின் சைட்டைப் பாருங்கள், அசலில் 800 கஜத்தோடு முடியும், 1300 இருந்தால் நம்பர் 4-இன் சைட். போல்ட் குமிழின் நுனி குடைந்து உள்ளே வெற்றாக இருக்கும். ரிசீவரின் இடது சுவரில் 'நம்பர் 5 மார்க் 1' என்று மின்பேனாவால் கிறுக்கியது போல எழுதியிருக்கும். இவற்றில் ஒன்றை யாரும் மாற்றிவிடலாம், எல்லாமே ஒத்துவந்தால்தான் அந்த விலை. இது 1944 முதல் 1947 வரைதான் செய்யப்பட்டது, அதைத் தாண்டிய வருடம் சொன்னால் கதையைக் கேட்க வேண்டியதில்லை.

ரிசீவரில் டி.பி. என்று இரண்டு எழுத்து. சுடலாமா? (மெல்போர்ன்)

கூடாது. ட்ரில் பர்ப்பஸ், அதாவது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்கியது என்று பொருள். சிலவற்றில் சேம்பரில் ஓட்டையே போட்டிருப்பார்கள். உதிரிகளை மாற்றிச் சரிசெய்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

வளையத்தில் கிரீடம், அதன் கீழ் வி.ஆர்., 'என்ஃபீல்ட் 1896'. ஆனால் உருவம் குட்டை எஸ்.எம்.எல்.இ. அரிய முன்மாதிரியா? (ஹூஸ்டன்)

வி.ஆர். என்றால் விக்டோரியா ராணி. அவர் இறந்தது 1901 ஜனவரியில், எஸ்.எம்.எல்.இ. வந்ததே அதற்குப் பிறகுதான். பழைய நீள ரைபிளைப் பட்டாளமே பின்னர் குட்டையாக மாற்றியிருந்தால் மட்டுமே இரண்டும் ஒரே இரும்பில் சேரும், அப்போது அந்த மாற்றத்துக்கான முத்திரையும் இருக்கும். அது இல்லையென்றால் இது கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறையில் கையால் செய்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்கச் சிப்பாய்கள் சந்தையில் வாங்கி வந்தவை ஏராளம். 1899-க்கு முன் செய்த துப்பாக்கி என்றால் ஊருக்குக் கொண்டுவரலாம் என்றிருந்ததால், பட்டறைக்காரர்களும் அதற்குத் தோதான வருடத்தை அடித்துக் கொடுத்தார்கள். சாக்பீஸ் போட்டு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். என் என்ற எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திரும்பியிருக்கலாம், எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்காது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவர் வடிவத்தை மட்டும் பார்த்து உளியால் ஒவ்வொரு கோடாகத் தட்டியது. அந்தக் கைவேலைக்காகவே எடுத்து வைக்கலாம். என்ன எஃகு என்று தெரியாத இரும்பு அது, தோட்டா மட்டும் போடாதீர்கள், சுவரில் மாட்டி வையுங்கள்.