பாஸ் ஆன பையன் இன்னொரு வருடம் மெட்ரிக் படிக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகனுக்கு 18 வயது. மெட்ரிக், அதாவது கிரேட் 12 இறுதித் தேர்வு முடிவு வந்துவிட்டது, டிப்ளமோ படிப்புக்குத் தகுதி தரும் டிப்ளமோ பாஸ். இங்கிலீஷ் 58, ஆப்பிரிக்கான்ஸ் 46, மேத்ஸ் 44, பிசிக்கல் சயின்ஸஸ் 48, லைஃப் சயின்ஸஸ் 61, எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் 66, லைஃப் ஓரியண்டேஷன் 74. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. விண்ணப்பித்த இடங்களில் கிடைக்கவில்லை. ஒரு பிரைவேட் காலேஜில் சேர்த்து மெட்ரிக் முழுவதையும் திரும்ப எழுத வைக்கலாம் என்கிறார் என் அண்ணன். வீட்டுக்காரரோ, இன்னொரு இடத்தில் பிசினஸ் மேனேஜ்மென்ட் உடனே கிடைக்கிறது, அதில் சேர்த்துவிடு, வருடம் வீணாகக் கூடாது என்கிறார். பாஸ் ஆன பிள்ளையை யாராவது மறுபடி மெட்ரிக் எழுத வைப்பார்களா என்று மாமியாருக்கு வருத்தம். என்ன செய்வது?

பதில்: அம்மா, மதிப்பெண்களை முழுவதுமாக எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பலர் ‘டிப்ளமோ பாஸ்தான் வந்தது’ என்று மட்டும் எழுதுகிறார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. உங்கள் பட்டியலைப் பார்த்தவுடன் ஒன்று தெரிகிறது. உங்கள் மகனுக்கு மெட்ரிக்கில் பிரச்சினை இல்லை. மேத்ஸ், பிசிக்கல் சயின்ஸஸ் என்ற இரண்டு பாடங்களில்தான் பிரச்சினை. ஏழு பாடத்தையும் திரும்ப எழுத ஒரு வருடமும் பணமும் செலவழிக்க வேண்டாம்.

பட்டப் படிப்புக்குத் தகுதி தரும் பேச்சலர் பாஸுக்கு லைஃப் ஓரியண்டேஷனை விட்டுவிட்டு நான்கு பாடங்களில் 50 வேண்டும். உங்கள் மகனுக்கு இங்கிலீஷ், லைஃப் சயின்ஸஸ், கிராஃபிக்ஸ் என்று மூன்று இருக்கின்றன. பிசிக்கல் சயின்ஸஸில் 48. இன்னும் 2 வந்தால் சான்றிதழின் தரமே மாறிவிடும். எனவே இந்த வாரமே செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பாடத்துக்கு ரீமார்க் (விடைத்தாளை மறுபடி திருத்துவது) கேட்டு விண்ணப்பிப்பது. விடைத்தாளைப் பார்வையிடவும் கேட்கலாம். இதற்கான கெடு முடிவு வந்த சில வாரங்களிலேயே முடிந்துவிடும், பள்ளி அலுவலகத்தில் நாளை காலையே விசாரியுங்கள். கணக்கு இப்படி: இரண்டு தாளும் சேர்ந்து 300 மதிப்பெண், அதற்கு இறுதி முடிவில் 75 சதவீதம். மீதி 25, வருடம் முழுவதும் பள்ளியில் செய்த எஸ்பிஏ வேலைகளுக்கு. ஆக, இறுதி முடிவில் 2 ஏறுவதற்கு விடைத்தாளில் சுமார் 8 கூட வேண்டும். ரீமார்க்கில் அது கட்டாயம் கிடைக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். ஆனால் கேட்காமல் விடவும் கூடாது.

பேச்சலர் பாஸ் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். நம் சனம் பாஸின் பெயரைப் பெரிதாகப் பேசுகிறது. பல்கலைக்கழகம் முதலில் பார்ப்பது, அந்தத் துறை கேட்கும் பாடத்தில் எத்தனை என்பதைத்தான். எஞ்சினியரிங் டிப்ளமோவுக்கு டியூடி (டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் பொதுவாக மேத்ஸிலும் பிசிக்கல் சயின்ஸஸிலும் குறைந்தது 50 எதிர்பார்ப்பார்கள். க்வாசுலு-நாட்டல் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் பட்டப் படிப்பு என்றால் அதைவிட வெகு உயரம். அந்தந்த வருடக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் என்ற சேர்க்கைப் புள்ளிகளைக் கூட்டினால் மகனுக்கு லைஃப் ஓரியண்டேஷன் இல்லாமல் 23 வருகிறது, மோசமில்லை. ஆனால் மேத்ஸ் 44 என்று இருக்கும்வரை 23 இருந்தாலும் 30 இருந்தாலும் அந்தத் துறை திறக்காது.

உங்கள் அண்ணன் சொன்னதில் பாதி சரி. திரும்ப எழுதத்தான் வேண்டும். ஆனால் பாஸ் ஆன மாணவனை அரசுப் பள்ளி முழுநேரமாக மறுபடி கிரேட் 12-இல் உட்கார வைக்காது, அதற்குத் தேவையும் இல்லை. கல்வித்துறை 2016-இல் செகண்ட் சான்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. ஃபெயில் ஆனவர்களுக்கு மட்டும் அல்ல, மதிப்பெண்ணைக் கூட்ட நினைப்பவர்களுக்கும் அது உண்டு, கட்டணம் கிடையாது. வேண்டிய பாடத்துக்கு மட்டும் பதிவு செய்து மே-ஜூன் தேர்வில் எழுதலாம், அல்லது நவம்பரில் எழுதலாம். இரண்டு முடிவில் எது அதிகமோ அது எடுத்துக்கொள்ளப்படும். குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஜூன் தேர்வுக்கான பதிவு வழக்கமாக பிப்ரவரித் தொடக்கத்திலேயே மூடிவிடும். இணையத்தில் செய்யலாம், இல்லையென்றால் உம்லாசி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடும் மெட்ரிக் முடிவோடும் போய்விடுங்கள்.

ஜூனா நவம்பரா என்பதை மகனின் மேத்ஸ் நிலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எவ்வளவு ஏற வேண்டும் என்று முதலில் பார்ப்போம். எஸ்பிஏ-வில் அவன் 52 சதவீதம் வாங்கியிருந்தான் என்று வைத்துக்கொள்வோம், சரியான எண் பள்ளியில் இருக்கும். 25-க்கு 13 அங்கேயே வந்துவிட்டது. மொத்தம் 44 என்றால் தேர்வில் 75-க்கு 31 எடுத்திருக்கிறான், அதாவது 300-க்கு 124. திரும்ப எழுதும்போது எஸ்பிஏ அப்படியே நிற்கும், ஏறுவது இறங்குவது எல்லாம் தேர்வில்தான். 50-ஐத் தொட அவனுக்கு 300-க்கு 148 வேண்டும். 24 கூட, ஒரு தாளுக்கு 12. இது நான்கு மாத உழைப்பில் எட்டக்கூடியது. 60 வேண்டுமென்றால் 188. ஒரு தாளுக்கு 32 கூட வேண்டும். அதற்கு நான்கு மாதம் போதுமா என்பது அவன் எங்கே தடுமாறுகிறான் என்பதைப் பொறுத்தது.

கணிதம் சொல்லிக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன், 40-களில் நிற்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. சிலர் பாடம் தெரிந்தவர்கள், நேரம் போதாமல் கடைசி இரண்டு கேள்வியைத் தொடாமல் வந்தவர்கள். சிலருக்கு அந்த வருடம் வீட்டில் ஏதாவது நடந்திருக்கும், உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும். இவர்களுக்கு ஜூன் நன்றாகப் பொருந்தும். மூன்றாவது வகைதான் கஷ்டம். கிரேட் 10-இல் அல்ஜிப்ராவில் விழுந்த ஓட்டையை அடைக்காமலே, கிரேட் 12 வரை பழைய தாள்களை மனப்பாடம் செய்து ஓட்டி வந்தவர்கள். இவர்களை இன்னொரு வருடம் அதே பழைய தாளோடு உட்கார வைத்தால் 44 என்பது 46 ஆகும், அவ்வளவுதான். பெற்றோர்கள் பணம் கட்டி ஏமாறுவது இங்கேதான். பிள்ளையும் தனக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. அது எனக்கு மிகவும் வேதனையான விஷயம், ஏனென்றால் அது உண்மையே இல்லை.

மகன் எந்த வகை என்று ஒரு சனிக்கிழமை காலையில் தெரிந்துகொள்ளலாம். போன நவம்பருக்கு முந்தைய வருடத்து மேத்ஸ் முதல் தாளை எடுத்துக் கொடுங்கள். 150 மதிப்பெண்ணில் ஃபங்ஷன்ஸ் சுமார் 35, கால்குலஸ் சுமார் 35, ஏறக்குறைய பாதித் தாள் இந்த இரண்டும். இவற்றை மட்டும் கடிகாரம் இல்லாமல், அவசரம் இல்லாமல் போடட்டும். நேரம் கொடுத்தால் பாதிக்கு மேல் வருகிறது என்றால் பாடம் இருக்கிறது, பயிற்சிதான் இல்லை. ஜூனுக்குப் பதிவு செய்யுங்கள். நேரம் கொடுத்தும் பேனா நின்றுவிடுகிறது, பின்னங்களையும் அடைப்புக்குறிகளையும் பிரிப்பதிலேயே தப்பு வருகிறது என்றால் கிரேட் 10 புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்படியானால் பிசிக்கல் சயின்ஸஸை ஜூனில் எழுதிவிட்டு, மேத்ஸை நவம்பருக்கு வைத்துக்கொள்வது நல்லது. பிசிக்கல் சயின்ஸஸிலும் பிசிக்ஸ் தாள், கெமிஸ்ட்ரி தாள் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் கீழே இழுத்திருக்கும்.

புத்தகச் செலவு பெரிதாக இல்லை. கிரேட் 10 முதல் 12 வரை சியாவூலா நிறுவனத்தின் மேத்ஸ், பிசிக்கல் சயின்ஸஸ் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். பழைய தேர்வுத் தாள்களும் விடைக் குறிப்புகளும் கல்வித்துறை தளத்திலேயே இருக்கின்றன. பணம் செலவழிப்பதாக இருந்தால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தப்பைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு நல்ல டியூஷன் வாத்தியாருக்குக் கொடுங்கள். பிரைவேட் காலேஜ்தான் என்று முடிவானால், இரண்டு பாடத்துக்கு மட்டும் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள், தேர்வு எந்த மையத்தில், யார் பெயரில் பதிவு ஆகிறது என்று எழுத்தில் வாங்குங்கள், நிறுவனம் முறையாகப் பதிவு பெற்றதா என்று சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

வீட்டுக்காரரின் கவலை எனக்குப் புரிகிறது. பிள்ளை வீட்டில் சும்மா இருப்பதைப் பார்க்க எந்த அப்பாவுக்கும் மனம் வராது. ஆனால் மனம் இல்லாத கோர்ஸில் சேர்ப்பதால் வருடம் மிச்சமாகாது. என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவியை, குடும்ப வருமானம் வருடத்துக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் கேட்கலாம். அந்த உதவி அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் டிவெட் என்ற அரசுத் தொழிற்கல்விக் காலேஜுக்கும்தான், பிரைவேட் காலேஜுக்குக் கிடையாது. அது மட்டுமல்ல, படிப்பின் குறைந்தபட்ச காலத்துக்கு மேல் ஒரு வருடம் வரைதான் கொடுப்பார்கள். ஒரு படிப்பில் சேர்ந்து, பாதியில் விட்டு, வேறொன்றுக்கு மாறும் பிள்ளைகளுக்கு அந்தக் கூடுதல் வருடம் முதலிலேயே கரைந்துபோகிறது. நான்காம் வருடத்தில் கட்டணத்துக்கு வீடு வீடாக அலையும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது, கேட்டுப் பார்க்காமல் விடாதீர்கள். சில துறைகளில் டியூடி உள்ளிட்ட நிறுவனங்கள் விரிவு பாடத்திட்டம் வைத்திருக்கின்றன. மூன்று வருட டிப்ளமோவை நான்கு வருடமாக நீட்டி, முதல் வருடத்தில் மேத்ஸுக்கும் சயின்ஸுக்கும் அடித்தளம் போடுவார்கள். கூடுதல் வருடம் ஒன்று செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், அதை உள்ளே போய்ச் செலவழிப்பதே என் தேர்வு. பிள்ளை மாணவனாகவே இருப்பான், கூட்டாளிகள் இருப்பார்கள், உதவித்தொகையும் கேட்கலாம். தெக்வினி, கோஸ்டல், எலங்கேனி போன்ற டிவெட் காலேஜ்களையும் குறைவாக எண்ண வேண்டாம். எஞ்சினியரிங் என்4 முதல் என்6 வரையிலான நிலைகள் ட்ரைமெஸ்டராக, அதாவது வருடத்துக்கு மூன்று பருவமாக நடக்கும், அப்புறம் வேலைப் பயிற்சியும் முடித்தால் டிப்ளமோ. கிராஃபிக்ஸில் 66 எடுத்த பையன் கையால் வேலை செய்வதில் ஆர்வம் உள்ளவனாக இருக்கலாம். ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில்திறன் தேர்வை முடித்த நல்ல ஃபிட்டருக்கு டர்பனில் தொழிற்சாலைகள் உண்டு.

மாமியாருக்கு என்ன சொல்வது? அவர்களுடைய அப்பா தலைமுறையில் நம் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியே அரிது. சாஸ்திரி கல்லூரி 1929-இல் திறந்த பிறகுதான் டர்பனில் இந்தியப் பையன்களுக்கென்று ஒரு முழு உயர்நிலைப் பள்ளி வந்தது. கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து, வயது கூடிய பிறகு வகுப்பில் உட்கார்ந்தவர்கள் அன்று ஏராளம், யாரும் அவர்களைக் குறைவாகப் பார்க்கவில்லை. ஆயாவிடம் பேரனையே உட்கார வைத்து, இரண்டு பாடம்தான், மதிப்பெண்ணைக் கூட்டத்தான், என்று சொல்ல வையுங்கள். ஃபெயில் ஆகிவிட்டான் என்ற எண்ணம்தான் அவர்களை உறுத்துகிறது.

உங்கள் கடிதத்தில் அண்ணன் இருக்கிறார், வீட்டுக்காரர் இருக்கிறார், மாமியார் இருக்கிறார். மகன் என்ன சொல்கிறான் என்பது மட்டும் இல்லை. அவனைத் தனியாகக் கேளுங்கள். ‘போன வருடம் மேத்ஸுக்கு வாரத்தில் எத்தனை நாள் உட்கார்ந்தாய், இந்த வருடம் எதை மாற்றுவாய்?’ இதற்கு அவனிடம் தெளிவான பதில் இருந்தால் திரும்ப எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. ‘பார்க்கலாம்மா’ என்று வந்தால் டிவெட் வழியை முதலில் பாருங்கள். பிப்ரவரியில் கூட்டாளிகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கும்போது இவனுக்கு மனம் சோர்ந்துவிடும். காலை எட்டு மணிக்கு லைப்ரரியில் இருக்க வேண்டும் என்பது போல ஓர் ஒழுங்கு அந்த வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். வார இறுதியில் சின்ன வேலை பார்த்தாலும் நல்லதுதான், வாரநாளில் வேண்டாம்.

கிரேட் 11-இல் நிற்க வைக்கலாமா என்றும் வேறு இரண்டு பெற்றோர் கேட்டிருந்தார்கள். அது வேறு விஷயம். கிரேட் 10 முதல் 12 வரை உள்ள கட்டத்தில் ஒரு முறைதான் நிறுத்தி வைக்க விதி இடம் தருகிறது. எனவே பள்ளியோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அடுத்த முறை விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மகனுக்கு நான் சொல்லும் வரிசை இது: இந்த வாரம் ரீமார்க், கூடவே விரிவு பாடத்திட்டத்தில் காலி இடம் உண்டா என்று டியூடி-க்கு ஒரு விசாரணை. சனிக்கிழமை மேத்ஸ் தாள். அது காட்டும் நிலையைப் பார்த்து ஜூன் பதிவு. ஜூன் முடிவுகள் வழக்கமாக ஆகஸ்ட் வாக்கில் வந்துவிடும். இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகப் பெரும்பாலான படிப்புகளுக்கு செப்டம்பர் கடைசி வரை விண்ணப்பிக்கலாம் என்பதால், புதிய மதிப்பெண்ணோடே போடலாம். விண்ணப்பிக்கும் முன், இரண்டு அமர்வில் எழுதிச் சேர்த்த மதிப்பெண்ணை அந்தத் துறை ஏற்றுக்கொள்ளுமா என்று மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள். எல்லாத் துறையும் ஏற்பதில்லை. ஜூனில் மேத்ஸ் 50-ஐத் தொடவில்லை என்றால் நவம்பரில் அதை மட்டும் இன்னொரு முறை எழுதட்டும். எஸ்பிஏ எண் கையில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், அவனுக்குத் தேர்வில் சரியாக எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.