பவர் பூஜ்ஜியம் என்று சீட்டு வந்தால் குணமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, இரண்டு கண்ணிலும் மைனஸ் 3. இரவில் லென்ஸ் போட்டுத் தூங்கினால் ஆறு மாதத்தில் பவர் நிரந்தரமாகப் போய்விடும் என்று கண்ணாடிக் கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா? கண் கெட்டுப்போகாதா? (ஈரோட்டு வாசகி)

பவர் நிரந்தரமாகப் போகாது. இந்தக் கெட்டி லென்ஸ் தூக்கத்தில் கருவிழியின் நடுப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்கும். அதனால் பகலில் கண்ணாடி இல்லாமலே கரும்பலகை தெரியும். சில இரவுகள் போடாவிட்டால் கருவிழி பழைய வடிவத்துக்குத் திரும்பும், மைனஸ் 3-உம் கூடவே வரும்.

கடைக்காரர்கள் லென்ஸ் போட்டுவரும் பிள்ளையை மெஷின் முன் உட்காரவைத்து, "பாருங்கள், ஜீரோ" என்று சீட்டைக் கிழித்து நீட்டுவார்கள். மயங்காதீர்கள். கிட்டப்பார்வை, அதாவது மைனஸ் பவர், கூடுவது கண் நீளமாக வளர்வதால். அதை அந்தச் சீட்டு காட்டாது. லென்ஸ் தொடங்கும் முன்பும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் கண்ணின் நீளத்தை அளந்து மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த வளர்ச்சியை மட்டுப்படுத்துவதே இந்த லென்ஸின் உண்மையான பயன். 2012இல் வெளியான ஹாங்காங் ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் வளர்ச்சி சராசரியாக 43 சதவீதம் குறைந்திருந்தது. நம் பள்ளிகளிலோ கண் பரிசோதனை என்று எழுத்துப் பலகையை வாசிக்கவைத்து அனுப்பிவிடுகிறார்கள். கண்ணின் நீளத்தை அளக்கப் பெரிய ஊருக்கு ஓட வேண்டும். லென்ஸ் விற்கவோ தெருவுக்கு ஓர் ஆள்.

கண் கெடுமா என்றால், பெரிய அபாயம் கருவிழிப் புண். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு, ஆண்டுக்குப் பத்தாயிரம் குழந்தைகளில் சுமார் 14 பேருக்கு வந்ததாகக் கணக்கிட்டது. அரிதுதான், வந்தால் தழும்பு விழுந்து பார்வை குறையலாம். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், காய்ச்சி ஆறிய தண்ணீர் எதுவும் லென்ஸிலோ டப்பாவிலோ படக் கூடாது. அகந்தமீபா என்ற கிருமி தண்ணீரில் வரும். காலையில் கண்ணை ஈரமாக்கும் சொட்டு மருந்து விட்டு, கண் சிமிட்டும்போது லென்ஸ் நகர்கிறதா என்று பார்த்த பிறகே கழற்றுங்கள்.

கண் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றிரவு லென்ஸ் வேண்டாம். மறுநாள் பழைய கண்ணாடியை மாட்டிவிடலாமே என்பீர்கள். பொருந்தாது. கருவிழி பாதிதான் திரும்பியிருக்கும். மைனஸ் 3 அவளுக்கு அதிகம். முதல் நாளுக்கு ஒரு பவர், மூன்றாம் நாளுக்கு இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். இடைப்பட்ட பவரில் மலிவான கண்ணாடி ஒன்று செய்துவையுங்கள். பழையதையும் தூக்கிப் போட வேண்டாம்.

"பேக்கேஜ்" என்று மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமை கண் சிவந்தால் எந்த மருத்துவர் பார்ப்பார் என்று கேளுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.