ஞாயிறு மதியம் தூங்கினால் தப்பா?

கேள்வி: ஆறு நாளும் ஆபீஸ். ஞாயிறு காலை சர்ச்சில் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடசாலையில் (சண்டே ஸ்கூல்) வகுப்பு எடுக்கிறேன், அப்புறம் ஆராதனை, சாயங்காலம் பாடகர் குழுப் பயிற்சி. மதியம் கொஞ்சம் கண் அசந்தாலும் மனசு குத்துகிறது. இது சோம்பேறித்தனமா ஐயா?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தூங்குங்கள் அம்மா. ஓய்வுநாள் பாடசாலை டீச்சருக்குத்தான் ஓய்வே இல்லை போலிருக்கிறது! வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்து வாசியுங்கள். கர்மேல் மலையில் ஜெபித்து வானத்து அக்கினியை இறங்கப்பண்ணிய எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, நான் சாகவேண்டும் என்கிறார். அவருக்கு அப்போது பிரசங்கம் வரவில்லை, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான் வந்தன, தின்றுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டவரைத் தேவதூதன் திட்டவும் இல்லை, இரண்டாம் தரமும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

'வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவுங்கூடாது' என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியது உங்களுக்கு அல்ல. ஓய்வுநாள் கட்டளைக்கு உபாகமம் 5 சொல்லும் காரணத்தையும் பாருங்கள்: எகிப்தில் அடிமையாயிருந்தாய், நினை. அதனால்தான் வேலைக்காரி, மாடு, கழுதை வரைக்கும் லீவு. சரி, உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு யார் வைக்கிறார்கள்? நீங்கள் அதைச் சொல்லவே இல்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். அதை வீட்டுக்காரரிடம் கொடுங்கள். பாடகர் குழுத் தலைவரிடம் மாதத்தில் இரண்டு வாரம் வரமாட்டேன் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.